அம்மா என்று யாரைக் கூப்பிடலாம்?

நெல்லிமங்கலம் அரண்மனைக்கு வளையல் போட வந்த செங்கமலத்தோடு அவளுடைய ஐந்து வயது மகளும் வந்திருந்தாள். கூடத்தில் பெட்டியை இறக்கும்போது பிள்ளை, "அம்மா, தண்ணி" என்று கேட்டுவிட்டது. அவ்வளவுதான், அரண்மனை எஜமானி மதனவல்லி நாச்சியாருக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை கோபம்!

"இந்தக் கூரைக்குக் கீழே அம்மான்னா நான் ஒருத்திதான். வேற யாரையும் அப்படிக் கூப்பிடக் கூடாது. அந்தச் சிறுக்கியை வெளியே தள்ளுங்க! இன்னொரு தரம் அந்தச் சொல் கேட்டா, தாயும் மகளும் ஊரிலேயே இருக்க முடியாது."

காவல்காரன் பிள்ளையை வாசல் வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினான். பயத்தில் அது அழக்கூட இல்லை.

செங்கமலம் பெட்டியைத் திறந்தபடியே கேட்டாள்: "இந்த உத்தரவு எல்லாருக்கும்தானுங்களே?"

"எல்லாருக்கும்தான். எனக்கும் சேர்த்துத்தான்."

"அப்போ கையைக் கொடுங்க."

கை ஒல்லியாகத் தெரியவேண்டும் என்று நாச்சியார் எப்போதும் கேட்டு வாங்கும் அந்தச் சின்ன அளவு வளையலையே எடுத்தாள். விரல்களைக் குவித்துப் பிடித்து, கட்டைவிரல் முட்டியில் வைத்து அழுத்தினாள்.

"அம்மா!" என்று அலறினாள் நாச்சியார்.

செங்கமலம் பிடித்த கையை விடவில்லை. "இங்கே அம்மா நீங்க ஒருத்திதான். இப்போ யாரைக் கூப்பிட்டீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

பாதியில் நின்ற வளையலையே நாச்சியார் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்றவள் செத்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

பிறகு வாசல் பக்கம் திரும்பினாள்.

"வெயில்ல நிக்காதே. உள்ளே வந்து தண்ணி குடிம்மா."