துருசுச் சுனை

“அழியாத உடம்பு கிடைக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சிட்டேன், அம்மா” என்றார் பூவாண்டி.

ஆவுடையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குரு அவள்தான். சீடருக்கோ அவளுடைய அப்பா வயது. இருமினால் துண்டில் ரத்தம் படும். சாவென்றால் அவருக்கு அத்தனை பயம்.

“எங்கே?”

“மலைக்குப் பின்னாலே, கைவிட்ட செம்புச் சுரங்கத்திலே. சுவரெல்லாம் துருசு, அதான் மயில்துத்தம், பூத்துக் கிடக்கு. மயில் கழுத்து நிறம். அது கரைஞ்சு சொட்டி, அடியிலே ஒரு சுனை. சுனைக்குள்ளே ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்.”

ஆய்ந்த கை நின்றது.

“செத்தவரா?”

“செத்தவருக்கு அந்த முகம் வராது. தாடி, நகம் எல்லாம் அப்படியே இருக்கு. இமை மயிர்லேகூட துருசு. கூப்பிட்டேன், நிஷ்டையிலே இருக்கார் போல, பேசலை. நானும் அவர் பக்கத்திலே போய் உட்காரப்போறேன்.”

சாட்சிக்குக் கொண்டுவந்த நீலத் துருசுக் கல்லை அடுப்போரம் வைத்தார். உலை கொதிப்பதற்குள் அது வெளுத்து மாவாக உதிர்ந்தது.

“பார்த்தீங்களா, வெளியே அதுக்கு ஆகாது. அதான் உள்ளேயே இருந்துடணும்கிறேன்.”

ஆசை வந்தால் அறிவு இப்படித்தான் வேலை செய்யும்.

ஆவுடையம்மை கீரை அரியும் இரும்புக் கத்தியை நீட்டினாள்.

“முதல்லே இது உட்காரட்டும். அடுத்த அமாவாசைக்கு எடுத்துட்டு வாங்க.”

பூவாண்டி அன்றே போய்க் கத்தியைச் சுனையில் போட்டார். சுற்றிலும் ஒரு தவளைச் சத்தம் இல்லை. ஒரு கொசு இல்லை. அதையும் அவர் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார்.

அமாவாசையன்று வாயெல்லாம் பல்லாக வந்தார். கத்தி செக்கச்செவேலென்று இருந்தது.

“துருப்பிடிக்கிற இரும்பு செம்பாயிடுச்சு, அம்மா. நான்தான் சொன்னேனே.”

அவள் கத்தியை வாங்கி இரண்டு விரலால் அழுத்தினாள். அது அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே ஒன்றுமில்லை.

“இரும்பு எங்கே, பெரியவரே?”

பூவாண்டி தரையில் கிடந்த செம்புத் தூளைப் பார்த்தார். சுனையில் கண்ட முகம் ஞாபகத்துக்கு வந்தது.

“அம்மா, அங்கே உட்கார்ந்திருக்கிறது யாரு?”

“என் குரு.”

அவள் துடைப்பத்தை எடுத்துத் தூளைக் கூட்டினாள்.

“ஒவ்வொரு அமாவாசைக்கும் போய், உள்ளே இருக்கீங்களான்னு ஒரு கேள்வி கேட்டுட்டு வர்றேன். இன்னும் பதில் சொல்லலை.”