மேசை அதிர்ந்த பட்ஜெட்

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அங்கே நிதியமைச்சர் வரதப்பனுக்கு அடுத்த முதல்வராகிவிட வேண்டுமென்று கொள்ளை ஆசை. பட்ஜெட்டில் பால் விலையை ஏற்றும்போது உறுப்பினர்கள் மேசையைத் தட்டிவிட்டால் நாற்காலி தனக்குத்தான் என்று நினைத்தார்.

சபையில் மேசை துடைக்கிற செவ்வந்தியைக் கூப்பிட்டார்.

"நான் பால் விலையை வாசிக்கும்போது மேசையெல்லாம் அதிரணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

"அவங்க கையை நான் எப்படிங்கய்யா தட்ட வைக்கிறது?"

"அது உன் பாடு."

கைக்குழந்தைக்காரி, வேலை போனால் என்ன செய்வாள்? மறுநாள் காலையில் மேசைகளை வெல்லத்தண்ணியால் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்தாள்.

அமைச்சர் பால் விலையை வாசித்தார். படபடவென்று மேசைகள் அதிர்ந்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் முதல்வராகணும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க!" என்றார்.

ஒரு கைகூட எழவில்லை. எல்லாக் கையும் ஈ அடித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா செஞ்சே?" என்று வாசலோரம் துடைப்புத்துணியோடு நின்ற செவ்வந்தியிடம் சீறினார்.

"தட்ட வைக்கச் சொன்னீங்க, வச்சேன். தூக்க வைக்கச் சொல்லலியேய்யா."

சபை குலுங்கிச் சிரித்தது. அமைச்சர் பட்ஜெட் தாளால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பால் விலையும் பழையபடி இருக்கட்டும், இவ வேலையும் இருக்கட்டும்" என்று முனகினார்.

மறுபடி மேசைகள் அதிர்ந்தன. அது பாராட்டா, ஈயா என்று தலையைத் தூக்கிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.