பூசாரி தூவின பூச்சி

ஏய், குரு சிஷ்யன் கதைன்னதும் சப்பணம் போட்டு உக்காந்துட்டீங்களே! குருன்னா தாடி, கமண்டலம், ஆலமரம்னு எதிர்பாக்குற மூஞ்சிங்கதானே எல்லாம்? ஏமாந்தீங்க. இந்தக் கதையில குருவுக்கு முப்பது வயசு. பேரு ஜெபசீலி, பூச்சியைப் பத்திப் படிச்ச மேடம். சிஷ்யருக்குத்தான் அம்பது. பேரு முனிரத்தினம், செடி பாத்துக்கிறவரு, "எனக்கும் சொல்லிக் குடுங்க"ன்னு அவரே போய் நின்னவரு. மரத்துக்குப் பதிலா தளி பக்கம் ஒரு பாலிஹவுஸ், பிளாஸ்டிக் ஷீட்டால மூடுன பெரிய கூடாரம். உள்ள நின்னா ஞானம் வருதோ இல்லையோ, வேர்வை வரும்.

அங்க போட்டிருந்தது குடைமிளகாய். அதுல இலைச் சாறை உறிஞ்சுற செம்பேன் விழுந்துடுச்சு. மேடம் மருந்தடிக்கிறதை நிறுத்தச் சொல்லிட்டு, செம்பேனைப் புடிச்சுத் தின்னுற நல்ல பூச்சியைக் கொண்டாந்தாங்க. அதைச் செடியில விட ஒரு ரோபோவையும் இறக்குனாங்க. அது வரிசை வரிசையா தானே போகும். கேமராவால இலையைப் பாக்கும். பேன் இருக்கிற செடி மேல குழாயை ஆட்டி, தவிட்டோட கலந்த நல்ல பூச்சியைத் தூவும். விபூதி போடுற மாதிரியே இருந்ததால அதுக்குப் பேரு பூசாரி.

முனிரத்தினத்துக்குப் பூசாரியைக் கண்டாலே ஆகல. பூச்சியை ஒழிக்கச் சொன்னா, பூச்சியையே தூவுதே! அது திரும்புனா இவரும் திரும்புவாரு. அது நின்னா இவரும் நிப்பாரு. புது மருமகனை வேவு பாக்குற மாமனார் தோத்தாரு.

ஒரு வாரம் ஆச்சு. செம்பேன் குறையல. நல்ல பூச்சி ஒண்ணுகூட உசுரோட கண்ணுல படல. திங்கக்கிழமைக்குள்ள குறையலைன்னா செடி பூராத்தையும் வேரோட புடுங்கிடுங்கன்னு முதலாளி சொல்லிட்டாரு. நாத்துலேர்ந்து முனிரத்தினம் வளத்த செடி. மனுஷனுக்குச் சோறு எறங்கல.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கண்ணே."

"பூசாரி தூவுறது உசுரோட இருக்கிற பூச்சிதானா?"

"சந்தேகமா?"

"சந்தேகமெல்லாம் இல்ல. முடிவே பண்ணிட்டேன். அது போற வழியெல்லாம் பொணம்."

"வேற யார் மேலயும் சந்தேகம் இல்லையா?"

"உள்ள வர்றது ரெண்டே பேரு. அதுவும் நானும். நான் உங்க சிஷ்யன்."

மேடம் பூசாரியை நிறுத்துனாங்க. குழாய்லேர்ந்து கொஞ்சம் தவிட்டைத் தட்டி, தன் உள்ளங்கையில போட்டாங்க. லென்ஸை அவர்கிட்ட நீட்டுனாங்க. ஆரஞ்சு கலர்ல, ஊசி முனை அளவு பூச்சி, விரல் பூரா ஓடுச்சு.

"உசுரு இருக்கா?"

"இருக்கு"ன்னாரு, மனசே இல்லாம. "அதோட கை பட்டாத்தான் சாகும்போல."

பூசாரியோட இரும்புக் கை மேல கொஞ்சம் தட்டுனாங்க. அங்கயும் ஓடுச்சு.

"நடிக்குது மேடம். நாம பாக்குறோம்னு அதுக்குத் தெரியும்."

"உங்க கையை நீட்டுங்க."

நீட்டுனாரு. மேடம் அதுலயும் கொஞ்சம் தட்டுனாங்க. பூச்சி நாலு எட்டு வெச்சுது. தள்ளாடுச்சு. கொஞ்ச நேரத்துல ஒண்ணொண்ணா மல்லாந்துச்சு. லென்ஸைச் சட்டையில தொடச்சுட்டு மறுபடி பாத்தாரு. எதுவும் அசையல.

"மருந்து தொட்டீங்களாண்ணே?"

"ஆத்தா மேல சத்தியமா இல்ல. கடை மருந்து இந்தக் கையில பட்டு மூணு மாசம் ஆச்சு."

"கடையில வாங்காதது?"

முனிரத்தினம் கையைப் பின்னால கொண்டு போகப் பாத்தாரு. பாதியிலயே நிறுத்திட்டாரு.

"புகையிலைக் கஷாயம் மேடம். வீட்டுல காய்ச்சினது. அதையெல்லாம் நாங்க மருந்துன்னு சொல்ல மாட்டோம். பூசாரி தூவிட்டு முன்னாடி போகும். அதை நம்பாம பின்னாடியே நான் அடிச்சுட்டு வருவேன். தெனமும். செம்பேன் அதுக்கு அசரல. நல்ல பூச்சி அத்தனையையும் கொன்னது நான்தான்."