தவசிக்கனி தேடிய கையுறை

நீலகிரி மலையில், கேரட் வயல்களுக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவே ஒரு சிறிய ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவர் வேதநாயகி அம்மை. நாற்பதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார்.

அங்கே வந்து சேர்ந்த சீடர்களில் ஒருவர் தவசிக்கனி. அம்மையைவிட வயதில் மிக மூத்தவர். உடன்குடியில் துணிக்கடை வைத்திருந்தவர்; கடையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு மலையேறி வந்துவிட்டார். ஊரில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மையும் அப்படியே கூப்பிட்டார்.

மார்கழி பிறந்தது. உறைபனி விழத் தொடங்கியது.

தவசிக்கனிக்குத் தெரிந்த மார்கழிக் குளிர், விடியற்காலையில் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போய்விடுகிற குளிர். இங்கேயோ, எழுந்து கதவைத் திறந்தால் புல்வெளி முழுக்க உப்பளம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அவருக்கு மாட்டுத்தொழுவத்தில் வேலை. தொட்டித் தண்ணீரின் மேல் படிந்த ஐஸை உடைக்க வேண்டும். பனி பிடித்த புல்லை அறுக்க வேண்டும். சாணி அள்ள வேண்டும். எல்லாம் முடிவதற்குள் விரல்கள் யாருடையவையோ போல ஆகிவிடும்.

ஒரு நாள் காலையில் அம்மையிடம் போய் நின்றார்.

"அம்மா, கண்ணை மூடினா சாமி நெனப்பு வர மாட்டேங்கு. கை நெனப்புதான் வருது."

"ஏன்?"

"வெறைச்சுப் போவுதும்மா. பொறுத்துக்கிடணுமோ? அதுவும் ஒரு தவமோ?"

அம்மை அவர் கைகளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கணுவுக்குக் கணு தோல் வெடித்திருந்தது.

"நல்ல கையுறையாப் பார்த்து வாங்குங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தவசிக்கனிக்கு ஏமாற்றம். ஒரு மந்திரமாவது கிடைக்கும் என்று வந்திருந்தார். ஆனால் முற்றத்தைக் கடப்பதற்குள் ஏமாற்றம் மறைந்து உள்ளே வேறொன்று துள்ள ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவியே அது எந்த மில் என்று சொன்னவர் அவர். கையுறைதானே? அவரைவிட நன்றாக யார் தேர்ந்தெடுத்துவிட முடியும்?

அன்றைக்கே பஸ் ஏறி ஊட்டிக்குப் போய்க் கம்பளியில் ஒரு ஜோடி வாங்கி வந்தார். பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. மறுநாள் தொட்டிக்குள் கையை விட்டார். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு கையிலேயே ஐஸாகிவிட்டது. அடுத்தது தோல். புல் அறுக்கும்போது அருமை. நனைந்ததை அடுப்போரம் காயப்போட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் கருவாடு மாதிரி சுருண்டு கிடந்தது. ரப்பரில் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். வெளித்தண்ணீர் ஒரு சொட்டு இறங்கவில்லை, ஆனால் உள்ளே கை வியர்த்து, அந்த வியர்வையே குளிர்ந்து கொன்றது.

ஒவ்வொரு முறையும் அவருக்கு உற்சாகம் கூடியதே தவிரக் குறையவில்லை. எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, உள் துணி எப்படி இருக்க வேண்டும், கட்டைவிரலுக்குத் தையல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று விளக்கினார். யார் கையைப் பார்த்தாலும் அளவெடுத்தார்.

"இப்ப எப்படி இருக்கு தியானம்?" என்று அம்மை கேட்டார்.

தவசிக்கனி தலையைச் சொறிந்தார். "கை நெனப்பு போயிட்டும்மா. இப்ப கையுறை நெனப்பு."

அம்மை சிரித்துவிட்டார். "கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல."

"தேடுங்க."

கடைசியில் அது கிடைத்தது. ஊட்டியில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் தோல்மா. அவள் கடையில் தொங்கியதையெல்லாம் அவர் ஏற்கெனவே ஒதுக்கியிருந்தார். அன்று போனபோது அவள் பனியில் நனைந்த இரும்பு ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் தவசிக்கனி அப்படியே நின்றுவிட்டார்.

நெருக்கிப் பின்னிய தடித்த கம்பளி. உள்ளங்கையில் மட்டும் தோல், அதுவும் சொரசொரப்பான பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்தது.

"இதே வேணும்!"

"இது விக்கிறதுக்கு இல்ல சார். எனக்கு நானே தைச்சது."

"எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடு தாயி. நானும் கடைக்காரன்தான். உடன்குடியில வந்து கேட்டுப் பாரு, இப்படி ஒரு தையலைக் கண்டா விடுவேனா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு செய்தித்தாளை விரித்து, "கை வைங்க" என்றாள். பென்சிலால் விரல் விரலாகக் கோடு இழுத்தாள். அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

அடுத்த வாரம் கையுறையோடு திரும்பியவரின் நடையே மாறியிருந்தது. ஆசிரம வாசலிலிருந்தே கைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். அதைப் போட்டுக்கொண்டு தொட்டி ஐஸை உடைத்தார். புல் அறுத்தார். ஈரம் உதறினால் போயிற்று. விரல்கள் வெதுவெதுவென்று அவருடையவையாகவே இருந்தன. ஆனால் அன்று சாணி அள்ளும் நேரம் வந்ததும் அதைக் கழற்றி, மடித்து, பத்திரமாக மேலே வைத்துவிட்டு வெறுங்கையால் அள்ளினார். இப்படிப்பட்ட பொருளைச் சாணியில் முக்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் தொழுவத்திலிருந்து அம்மையின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி! ஓடி வாங்க!"

செவலைப் பசு நிறைமாதம். தவசிக்கனி ஓடிப்போய்ப் பார்த்தபோது அது பக்கவாட்டில் படுத்து முக்கிக்கொண்டிருந்தது. அம்மை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அதன் பின்னால் மண்டியிட்டிருந்தார். கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் மூக்கு நுனியும் வெளியே தெரிந்தன. அதற்கு மேல் வரவில்லை.

"ரொம்ப நேரமா இப்படியே நிக்குது. கால் வழுக்குது, என் கைக்குப் பிடி கிடைக்கல."

"மாட்டு டாக்டரு?"

"சொல்லி அனுப்பியாச்சு. அவர் மலையேறி வர்ற வரைக்கும் இது தாங்காது. நீங்க பிடிங்க."

தவசிக்கனி அணிந்திருந்த கையுறைகளை அவசரமாகக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டார். கன்றின் கால்களைப் பற்றினார். விளக்கெண்ணெய் பூசிய கம்பி போல அவை கைக்குள் நழுவின. துண்டை எடுத்துச் சுற்றினார், துண்டும் நழுவியது. பசு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டது.

"கையுறை எங்கே?"

"இடுப்புல இருக்கும்மா."

"இடுப்புக்கா குளிருது?"

"புதுசும்மா... ரத்தக்கறை பட்டா..."

"அண்ணாச்சி!"

அந்தக் குரலில் அம்மை பேசி அவர் கேட்டதில்லை. கையுறைகள் எப்படிக் கைக்கு ஏறின என்று தெரியாது. பிடித்தார். சொரசொரப்பான தோல் கன்றின் காலைக் கவ்வியது.

"நிக்குதும்மா! பிடி நிக்குது!"

"அது முக்கும்போது இழுங்க. நிறுத்தினா நிறுத்துங்க. மேலே தூக்காதீங்க, கீழ்ப்பக்கமா. இப்போ!"

இழுத்தார். பசு நிறுத்தியது. நிறுத்தினார். மறுபடி முக்கியது.

"வா தாயி, வா, வா, வா!" என்று தவசிக்கனி கத்தினார். பசுவிடம் சொன்னாரா, கன்றிடம் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது. நெற்றி வெளியே வந்தது. காதுகள் வந்தன. தோள் கொஞ்சம் நின்றது. பிறகு ஒரே வழுக்கில் முழுக் கன்றும் அவர் மடியில் வந்து விழுந்தது. அவர் வைக்கோலில் மல்லாந்தார்.

கன்று அசையவில்லை.

அம்மை அதன் மூக்கிலும் வாயிலும் அடைத்திருந்ததை விரல் விட்டு வழித்து எறிந்தார். ஒரு வைக்கோல் நுனியை மூக்கில் நுழைத்து நிமிண்டினார். "தேய்ங்க! நெஞ்சைத் தேய்ங்க!"

தவசிக்கனி கையுறையோடு தேய்த்தார். கம்பளி ஊறி, தோல் ஊறி, ஒரே கொழகொழப்பாகி, கையுறை இருக்கிறதே பாரமாகிப்போக, இரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு வெறுங்கையால் தேய்த்தார். "எந்திரி, எம்மா, எந்திரி!"

கன்று தும்மியது.

இன்னொரு முறை தும்மிவிட்டுத் தலையை ஆட்டியது. காதுகள் பட்பட்டென்று அடித்துக்கொண்டன.

"உசுரு இருக்கு! அம்மா, உசுரு இருக்கு!" தவசிக்கனி எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். "கிடேரி! கிடேரிம்மா!" அறுபது கடந்த மனிதர் தொழுவத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார். செவலை தலையைத் திருப்பிக் கன்றை நக்கத் தொடங்கியது.

வெளியே வெளிச்சம் வந்துவிட்டது. கூரை விளிம்பில் பனி வெள்ளையாக நின்றது. தவசிக்கனி தன் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை நனைந்து, வெறுங்கையாக, ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவற்றை அம்மையிடம் நீட்டினார்.

"அம்மா, என் கையைப் பாருங்க. பனி கொட்டுது. எனக்குக் குளிரவே இல்ல!"

அம்மை வைக்கோலால் கன்றின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கடை கடையா அலைஞ்சேனே! இப்பதாம்மா வெளங்குது. குளிருன்னு வெளிய ஒண்ணும் கெடையாது. எல்லாம் மனசுதான். அப்படித்தானே?"

கன்று எழ முயன்று, முன்னங்கால் மடங்கி விழுந்தது. மூக்கிலிருந்து வால் வரை அதன் உடம்பு வெடவெடவென்று ஆடியது.

அம்மை தலை நிமிராமல் சொன்னார்:

"அதை இதுகிட்ட சொல்லுங்க, அண்ணாச்சி."

தவசிக்கனி கன்றைப் பார்த்தார். பிறகு, தான் போட்டிருந்த ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றத் தொடங்கினார்.