ஊசி பட்ட படிகம்

விடை தெரிந்துவிட்டால் கடைசிவரை வாயைத் திறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரும் யோசிக்கட்டும்.

கோவையில் ஒரு புற்றுநோய் ஆய்வுக்கூடம். தலைவி தமயந்தி. கட்டியை வளர்த்துவிடும் ஒரு புரதத்தின் வடிவம் தெரிந்தால் அதற்கு மருந்து தேடலாம். வடிவம் தெரிய, புரதம் முதலில் படிகமாக வேண்டும். அதுவோ யாருக்கும் பிடிகொடுக்காத புரதம். "படிகத்தை வளர்க்கிறவங்க பேருதான் கட்டுரையில முதல்ல வரும்" என்று வாக்குக் கொடுத்திருந்தார் தமயந்தி.

அங்கே ஆய்வு செய்யும் சாதிக் நான்கு வருடம் அதோடு மல்லுக்கட்டினான். அவன் சுத்தம் செய்த புரதத்தில், ஒரே ஒரு துளியில், ஒரே ஒரு படிகம் வந்தது. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தும் இன்னொன்று வரவில்லை.

உப்பும் இப்படிப் படிகமாகி ஆளை ஏமாற்றும். ஊசியால் அழுத்தினால் உப்பு நறுக்கென்று உடையும், புரதம் மெத்தென்று நொறுங்கும். துளிகள் வைத்த தட்டை அவரவர்தான் தொடலாம் என்பது அங்கே சட்டம். சாதிக் ஊரில் இல்லாத நாளில், கூட வேலை செய்யும் ரூத் பொறுமை கெட்டு அவன் படிகத்தில் ஊசியை வைத்துவிட்டாள். மெத்தென்று நொறுங்கியது. புரதம்தான், ஆனால் இருந்த ஒன்றும் போச்சு.

ஆனாலும் அந்தத் தூளை ரூத் வீணாக்கவில்லை. விதை தூவுவதுபோல் புதுத் துளிகளில் கலந்தாள். பாதித் துளிகளில் அவள் சுத்தம் செய்த புரதம், பாதியில் சாதிக்குடையது. ஐந்தாம் நாள் சாதிக்கின் பாதியில் மட்டும் நூறு படிகங்கள். எக்ஸ்ரேயில் வடிவம் கிடைத்தது, மருந்து போய் உட்காரக்கூடிய பள்ளம் உட்பட. தமயந்திக்குப் பெருமை தாங்கவில்லை. டீ கொண்டுவந்தவரையும் நிறுத்திப் படத்தைக் காட்டினார்.

அப்புறம்தான் வம்பு.

"முதல் படிகம் நான் வளர்த்தது மேடம். நாலு வருஷம்" என்றான் சாதிக்.

"அது ஒண்ணுதான சாதிக்ணா? நூறு வளர்த்தது நான்" என்றாள் ரூத்.

இரண்டுமே உண்மை. சமபங்கு என்று நட்சத்திரக் குறி போட்டாலும் முதலில் நிற்கப்போவது ஒரு பெயர்தான். சொல்லுங்கள், தமயந்தி கொடுத்த வாக்கின்படி முதல் பெயர் யாருக்கு?

விடை: சாதிக்குக்கு. இரண்டு பாதிக்கும் விதை ஒன்று, தூவிய கையும் ஒன்று. வளர்ந்தது அவன் சுத்தம் செய்த புரதத்தில் மட்டும்தான், ஆகவே வளர்த்தது அந்தச் சுத்தம். தமயந்தி இதைச் சொன்னதும் ரூத், "சரி மேடம். சாதிக்ணா, எப்படிச் சுத்தம் பண்றீங்கன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. அடுத்த கட்டுரை என்னுது" என்றாள். வடிவம் கிடைத்த அன்றுகூட தமயந்திக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.