மூக்கன்மேட்டார் கோல்ஃப் பழகிய கதை

மலையேறிப் போனால் மேகம், இறங்கிப் போனால் வெயில், இரண்டும் வேண்டாமென்று நடுவில் நின்றுவிட்டால் அதுதான் மூக்கன்மேடு. அவ்வூரில் அறிவுக்குப் பஞ்சம் என்று அடிவாரத்தார் சொல்வதுண்டு. அது பொய். அறிவு அங்கே நிறையவே இருந்தது. செலவழித்துவிடாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஊருக்கு மேற்கே ஒரு கோல்ஃப் கிளப் இருந்தது. அதில் ஒன்பது குழிகள். மட்டையால் பந்தை அடித்து ஒவ்வொரு குழியிலும் விழச் செய்ய வேண்டும். குறைந்த அடிகளில் முடித்தவர் வென்றவர். ஆட்டம் இவ்வளவு எளியதுதான். ஆயினும் தேயிலைத் தொழிற்சாலையில் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்ற சிற்றம்பலம், சென்ற ஆண்டுப் போட்டியில் நூற்று எண்பத்து நான்கு அடிகள் எடுத்துக்கொண்டார். அவற்றுள் பந்தின்மேல் பட்டவை எழுபது. ஏனையவை தரைமேல் பட்டன. போட்டி முடிந்தபோது, மைதானத்தில் இருப்பவை ஒன்பது குழிகளா தொண்ணூறா என்று கிளப்பின் செயலாளர் வேதரத்தினத்துக்கே ஐயம் வந்துவிட்டது.

ஆகவே இவ்வாண்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. 'போட்டியில் அறுபது அடிகளுக்கு மேல் எடுப்பவர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்.'

சிற்றம்பலம் அதை மூன்று முறை படித்தார். மாலை வேளையில் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டில் அவருடைய மைத்துனர் நாகசுரம் பழகிக்கொண்டிருந்தார். மூன்றாண்டுகளாக ஒரே கீர்த்தனையின் முதல் வரியில் நின்றுகொண்டிருந்தார். நான்கு மணிக்கு ஊதத் தொடங்கினால் ஏழு மணிக்குத்தான் கீழே வைப்பார். கிளப் போனால் தம் காதும் போயிற்று என்பது சிற்றம்பலத்துக்கு நன்றாகத் தெரிந்தது.

அவருக்குத் துணையாக இருவர் கவலைப்பட்டனர். ஒருவர் பேக்கரி நடத்தும் ஞானப்பிரகாசம். அவர் சென்ற ஆண்டு எத்தனை அடி எடுத்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. எண்ணிக்கொண்டிருந்தவர் பாதியில் வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர் கேரட் தோட்டக்காரர் பொம்மையன். அவர் மட்டையை ஓங்கினால் பந்து அசையாது; பக்கத்தில் நிற்பவர்கள்தாம் அசைவார்கள்.

மூவரும் கூடிப் பேசி, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தனர். மங்கையர்க்கரசி என்று பெயர். சாதாரண ஆட்டக்காரர்களைத் தேற்றுவதில் பேர் பெற்றவர். வியாழக்கிழமை காலை வந்தார். மாலைப் பேருந்தில் திரும்ப வேண்டும்.

"சார், மட்டைய இப்படி இறுக்காதீங்க," என்றார் மங்கையர்க்கரசி. "குருவிக்குஞ்ச கையில வச்சிருக்கிற மாதிரி பிடிங்க. இறுக்கினா நசுங்கிடும், விட்டா பறந்துடும்."

"நான் குருவிக்குஞ்ச பிடிச்சதே இல்லையேம்மா," என்றார் சிற்றம்பலம்.

"சும்மா நினைச்சுக்குங்க சார்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிடித்தறியாததைப் பிடித்ததாக நினைப்பது நேர்மையாகுமா என்ற கேள்வி மூவர் முகத்திலும் இருந்தது. ஆனால் வந்தவரிடம் வாதிடுவது மரியாதையன்று என்று அடங்கினர்.

அன்று அவர் இன்னும் சில சொன்னார். பந்தை வைத்து ஆடுவதற்கு முன் பந்தில்லாமல் வீசிப் பழக வேண்டும் என்றார். கடைசியாகச் சிற்றம்பலத்தைப் பந்தின் முன் நிறுத்தி, "சார், நீங்க அடிக்கிறதுக்கு முந்தியே பந்து எங்கே போகுதுன்னு நிமிர்ந்து பார்த்துடறீங்க. நான் சொல்ற வரைக்கும் தலையத் தூக்கவே கூடாது," என்றார். சிற்றம்பலம் குனிந்தபடி அடித்தார். அன்று முதன்முறையாக அடி பந்தில் பட்டது. அந்நேரம் பார்த்துப் பேருந்து ஒலி எழுப்பவே, மங்கையர்க்கரசி பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சிற்றம்பலம் குனிந்தபடியே நின்றார். அரைமணி நேரம் கழித்து, "அம்மா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"வர்றேன்னு சொன்னாங்க அண்ணே," என்றார் ஞானப்பிரகாசம்.

"தலையப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலை."

ஆகவே அவர் குனிந்தபடியே வீட்டுக்கு நடந்தார். சோறு பரிமாறிய மனைவி அகிலாண்டம், "கழுத்துல என்னங்க?" என்று கேட்டார்.

"பயிற்சி."

"சரி, சோத்தப் பார்த்துச் சாப்பிடுங்க."

"அத மட்டுந்தான் பார்க்க முடியுது," என்றார் சிற்றம்பலம்.

மறுநாளிலிருந்து அவர் செருப்பை வைத்து ஆளை அறிந்துகொண்டு ஊரில் நடமாடினார். கடைத்தெருவில் இடரில்லை. கோயில் வாசலில்தான் மனம் நொந்துபோனார். அங்கே இருபது இணைச் செருப்புகளுக்கு வரிசையாக வணக்கம் சொல்லியும் ஒருவரும் திரும்பச் சொல்லவில்லை. கிளப்பிலிருந்து நீக்கப்போகும் செய்தி அதற்குள் ஊரெங்கும் பரவிவிட்டது போலும் என்று வருந்தினார்.

திங்கட்கிழமை ஞானப்பிரகாசம் பேக்கரியிலிருந்து கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் பேசினார். மற்ற இருவரும் பக்கத்தில் நின்றனர். ஒருவர் நிமிர்ந்தும் ஒருவர் குனிந்தும்.

"அம்மா, மூக்கன்மேட்டுல இருந்து பேசறோம். தலையத் தூக்கலாமா?"

"யாரோட தலைய?"

"சிற்றம்பலம் அண்ணன் தலைய. நீங்க சொல்ற வரைக்கும் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

மறுமுனையில் நாள்காட்டித் தாள் புரளும் ஓசை கேட்டது. "சார், நான் வந்தது வியாழக்கிழமை."

"ஆமாம்மா. இன்னைக்குத் திங்கள்."

"தூக்கச் சொல்லுங்க சார்."

"எவ்வளவு உயரத்துக்குன்னு கேளுய்யா," என்றார் தரையைப் பார்த்தபடி சிற்றம்பலம். அதற்குள் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. தொழிற்சாலையில் மேலாளர் வரும்போது சிற்றம்பலம் எவ்வளவு நிமிர்வாரோ அவ்வளவு நிமிர்ந்தால் போதும் என்று மூவரும் முடிவு செய்தனர்.

தலை நிமிர்ந்ததும் பிடியைத் தொடங்கினர். மூக்கன்மேட்டில் குருவிக்குஞ்சு கிடைக்கவில்லை. பொம்மையன் தம் தோட்டத்திலிருந்து கோழிக்குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தார். சிற்றம்பலம் அதை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மட்டையை ஓங்குவதுபோல் வலத்தோளுக்கு மேல் கொண்டுபோய் மெல்ல இறக்கினார். குஞ்சு அவர் உள்ளங்கையில் செய்யத்தக்கதைச் செய்தது.

"இதுவும் பயிற்சியில சேருமா?" என்று கேட்டார் அவர்.

"கைய துடைக்கச் சொல்லி அந்தம்மா சொல்லலையே," என்றார் பொம்மையன். சிற்றம்பலம் துடைக்கவில்லை.

ஞானப்பிரகாசம் ஆழ்ந்து சிந்திப்பவர். "எனக்கொரு சந்தேகம்," என்றார். "மட்டை பல அளவுல இருக்கு. சின்ன மட்டைக்குக் குஞ்சு சரி. தூரமா அடிக்கிற பெரிய மட்டை இருக்கே, அதுக்கு?"

மூவரும் பெரிய மட்டையை நிறுத்தி வைத்து உயரம் பார்த்தனர்.

"சேவல்," என்றார் பொம்மையன்.

இதை ஒருவராலும் மறுக்க முடியவில்லை. பொம்மையனே சேவலைப் பிடித்துப் பழகினார். சேவல் நசுங்கவுமில்லை, பறக்கவுமில்லை. மூன்று இடங்களில் கொத்தியது. அன்றுமுதல் பெரிய மட்டையை எடுக்கும்போதெல்லாம் அவர் அதை உடம்பிலிருந்து விலக்கி நீட்டிப் பிடித்து, முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார். "பிடி நல்லா வந்துடுச்சு," என்று மற்ற இருவரும் பாராட்டினர்.

அடுத்து, பந்தில்லாப் பயிற்சி. புதன்கிழமை மூவரும் ஒன்பது குழிகளையும் பந்தில்லாமலே ஆடினர். சிற்றம்பலம் வீசிய முதல் வீச்சு அத்தனை அழகாக இருந்தது. பொம்மையன் கையை நெற்றியில் வைத்துத் தொலைவில் பார்த்தார்.

"நேராப் போய்ப் புதருக்குள்ள விழுந்துடுச்சு அண்ணே."

மூவரும் புதருக்குள் இறங்கித் தேடினர். ஞானப்பிரகாசம் ஓரிடத்தில் குனிந்து, "இதோ, இங்கே இல்லை," என்றார்.

"அது என்னோடது," என்றார் பொம்மையன். "நான் அடிச்சதும் அங்கேதான் இல்லை."

"நீ அடிச்சது ஓடைப் பக்கம்தான்யா இல்லை. நல்லா யோசிச்சுப் பாரு," என்றார் சிற்றம்பலம்.

இவ்வாறு வாதம் முற்றிக்கொண்டிருக்கையில், யாரோ தொலைத்த உண்மையான பந்து ஒன்று பொம்மையன் காலில் இடறியது. "குறுக்கே இது வேற," என்று அதை எடுத்துப் பள்ளத்தாக்கில் எறிந்தார்.

அன்று சிற்றம்பலம் ஒன்பது குழிகளையும் நாற்பத்திரண்டு அடிகளில் முடித்தார். அவர் கண்களில் நீர் தளும்பியது. "இத்தனை வருஷமா நான் மோசமான ஆட்டக்காரன்னு நினைச்சிருந்தேன் ஞானம். நான் நல்லாத்தான் ஆடறேன். இந்தப் பந்துதான் கெடுக்குது," என்றார்.

உடனே மூவரும் செயலாளர் வேதரத்தினத்தை அணுகி, போட்டியில் பந்து கட்டாயமா என்று வினவினர். வேதரத்தினம் விதிப்புத்தகத்தை இருமுறை புரட்டினார். "பந்து வேணும்னு தனியா எழுதலை," என்றார். "ஆனா பந்து தொலைஞ்சா ஓர் அடி தண்டம்னு இருக்கு. பந்தே இல்லாதவருக்கு ஆரம்பத்துல இருந்தே தொலைஞ்ச கணக்கு. யோசிச்சுக்குங்க." அவரும் மூக்கன்மேட்டில் பிறந்து வளர்ந்தவர்தாம். மூவரும் யோசித்து, பந்தையே வைத்துக்கொண்டனர்.

போட்டி நாளும் வந்தது. தம் மாணவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்க மங்கையர்க்கரசியும் வந்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பெரிய மட்டையை நீட்டிப் பிடித்திருந்த பொம்மையனைப் பார்த்ததும் அவர், "இது யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"சேவல்," என்றார் பொம்மையன்.

மங்கையர்க்கரசி அவரிடமிருந்து இரண்டடி விலகி நின்றார். ஞானப்பிரகாசம் இரண்டாம் குழியருகே அடித்த பந்து, பக்கவாட்டில் பாய்ந்து செயலாளர் வேதரத்தினத்தின் முழங்காலில் பட்டது. செயலாளர் ஒரு காலில் நின்றபடி, ஆட்டம் தொடரலாம் என்று கையைக் காட்டினார்.

சிற்றம்பலத்தின் நிலைதான் இரங்கத்தக்கதாயிருந்தது. நான்காம் குழி முடிந்தபோதே அவர் அட்டையில் ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. இன்னும் ஐந்து குழிகள். கையில் இருப்பவை இரண்டே அடிகள். காதுக்குள் மைத்துனரின் அந்த முதல் வரி, சுருதி சேராமல், இப்பொழுதே கேட்கத் தொடங்கிவிட்டது.

அவர் முகம் வெளுத்ததைக் கண்டு மங்கையர்க்கரசி அருகில் வந்தார். "சார், சாதாரண ஆட்டக்காரங்க எல்லாரும் தடுக்கி விழற இடம் இதுதான். அடிச்ச அடியவே நினைச்சுக்கிட்டிருந்தா அடிக்கப்போற அடியும் கெட்டுடும். போனதெல்லாத்தையும் அழிச்சுடுங்க. இனிமே அடிக்கிற ஒவ்வொரு அடியையும் இதுதான் முதல் அடின்னு நினைச்சு அடிங்க."

"மனசுல இருந்து அழிக்கணுமா, அட்டையில இருந்துமா?"

மங்கையர்க்கரசி களைத்துப் போயிருந்தார். "எங்கெங்கே இருக்கோ அங்கெல்லாம் அழிங்க சார்," என்று சொல்லிவிட்டு யூகலிப்டஸ் மர நிழலில் போய் உட்கார்ந்து, தலையைக் கைகளில் கவிழ்த்துக்கொண்டார்.

சிற்றம்பலம் ரப்பரை எடுத்து ஐம்பத்தெட்டை அழித்தார். பந்தை அடித்தார். 'ஒன்று' என்று எழுதினார். மறுபடியும் அடித்தார். எழுதியிருந்ததை அழித்துவிட்டு, 'ஒன்று' என்று எழுதினார்.

"இது ரெண்டாவது இல்லையா அண்ணே?" என்றார் பொம்மையன்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க? முதல் அடின்னு நினைக்கணும்னு சொன்னாங்க. மனசுல ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டுக் கையால ரெண்டுன்னு எழுதினா, அது பொய்க்கணக்கு இல்லையா? முப்பத்தாறு வருஷம் எழுத்தர் வேலை பார்த்தவன்யா நான்."

பொம்மையன் வெட்கித் தலைகுனிந்து தம் அட்டையையும் அழித்தார். ஞானப்பிரகாசமும் அழித்தார். அதன்பின் மூவரும் அச்சம் நீங்கி ஆடினர். புல்லில் அடித்தனர், மணலில் அடித்தனர், ஓடையில் இறங்கி நீரை அடித்தனர். ஒவ்வொன்றும் முதல் அடியாதலால் ஒவ்வொன்றிலும் புது உற்சாகம் பிறந்தது. மற்றவர்கள் ஆடி முடித்து, குளித்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பின்னர் ஒன்பதாம் குழியில் அவர்களுடைய பந்துகள் விழுந்தன.

செயலாளர் வேதரத்தினம் முழங்காலில் கட்டுடன் மேசையருகே உட்கார்ந்து அட்டைகளை வாங்கினார்.

"சிற்றம்பலம், ஒண்ணுன்னு போட்டிருக்கு. ஒன்பது குழிக்கும் சேர்த்தா?"

"சேர்த்துதான்."

"பந்து ஒன்பது குழியிலயும் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. எல்லாம் முதல் அடியிலயே."

வேதரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவிப்புத் தாளை எடுத்துப் படித்தார். ஒன்று என்பது அறுபதுக்கு மேலா என்பதே கேள்வி. அறுபதிலிருந்து ஒன்றைக் கழித்தார், போயிற்று. ஒன்றிலிருந்து அறுபதைக் கழிக்கப் பார்த்தார், போகவில்லை. "மேல இல்லை," என்று தீர்ப்பளித்து, சிற்றம்பலத்தின் பெயரைப் பட்டியலில் இருக்கவிட்டார். பொம்மையனுக்கும் ஒன்று, அவரும் தப்பினார். சிற்றம்பலம் இரு காதுகளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் அட்டையை நீட்டும்போது ஞானப்பிரகாசம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டுன்னு இருக்கே?" என்றார் வேதரத்தினம்.

"எல்லா அடியையும் மறந்துட்டேன் சார். உங்க முழங்கால்ல பட்டுச்சே, அந்த ஒண்ண மட்டும் எவ்வளவு முயற்சி பண்ணியும் மறக்க முடியலை. உள்ளத மறைக்கக் கூடாதேன்னு அதையும் சேர்த்துட்டேன்."

வேதரத்தினம் தம் முழங்காலைத் தடவிப் பார்த்தார். "எனக்கும் அது மறக்கலை," என்றார். "ரெண்டுதான்."

வெளியே வந்ததும் ஞானப்பிரகாசம் படியில் உட்கார்ந்துவிட்டார். மூவருள் தாம் ஒருவர்தாம் பின்தங்கிப்போனோம் என்று மனம் வெதும்பினார். சிற்றம்பலம் அவர் தோளில் கைபோட்டார்.

"விடு ஞானம். முழுசா ஒரு வருஷம் இருக்கு. நாளைக்குக் காலையிலயே பயிற்சிய ஆரம்பிச்சுடலாம். அடுத்த போட்டியில உன்னையும் ஒண்ணுக்குக் கொண்டுவந்துடறோம்."

"நீங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள இன்னும் குறைச்சுடுவீங்களே அண்ணே," என்றார் ஞானப்பிரகாசம்.