பின்வாசல் வைத்த வளை

கரட்டடிக் காட்டில் முள்ளாயி என்ற முள்ளம்பன்றி தன் வளைக்கு ஒரே ஒரு வாசல்தான் வைத்திருந்தாள். மற்ற முள்ளம்பன்றிகள் இரண்டு மூன்று வாசல் வைக்கும். முள்ளாயிக்கு அது பிடிக்காது. ஆபத்து என்றால் உள்ளே புகுவாள், முதுகை வாசல் பக்கம் திருப்புவாள், முள்ளை விரித்து அடைத்துக்கொள்வாள். அப்புறம் எவனும் நுழைய முடியாது. இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் சாயங்காலம் கிழங்கு தோண்டப் போனவள், வாகை மரத்தடியில் ஒரு நாயைப் பார்த்தாள். இனி எதற்கும் ஆகாது என்று வேட்டைக்காரர்கள் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விலா எலும்பு தெரிந்தது. மூக்கெல்லாம் பழைய தழும்பு. முள்ளாயியைக் கண்டதும் அது குரைக்கவில்லை. மரத்தோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

நாய்க்கும் முள்ளம்பன்றிக்கும் என்றைக்குமே ஆகாது. ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. கயிற்றைக் கடித்து அறுத்தாள். போக வேறு இடமில்லாத அந்த நாய், எட்டியே நின்று எட்டியே நடந்து அவள் பின்னால் வந்தது. நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்தாள். இனி நீ என் வீட்டுப் பிள்ளை என்றும் சொல்லிவிட்டாள்.

சொல்வது சுலபம். செவலை வளைக்குள் கால் வைக்கவே இல்லை. வெளியே ஒரு பாறை மறைவில் படுத்தான். இலை விழுந்தால் எழுந்து நின்றான். முள்ளாயி வாயைத் திறந்தால் எழுந்து நின்றான். அவளோ நடந்தாலே முள் சலசலக்கிற பிறவி. அந்தச் சத்தத்துக்கு அவன் வால் காலிடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும்.

பகலெல்லாம் தூங்க வேண்டியவளுக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பாறைக் கரட்டில் ஒரு சிறுத்தை உண்டு. நாய் என்றால் அதற்கு நாக்கில் எச்சில் ஊறும். பிள்ளையை எந்த நேரம் தூக்கிக்கொண்டு போகுமோ என்று முள்ளாயி புரண்டு புரண்டு படுத்தாள். எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். வந்து படுத்தாள். மறுபடி எழுந்தாள்.

கடைசியில் ஒரு யோசனை செய்தாள். கொறிப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த எலும்புகளில் நல்லதாக ஒன்றை வளையின் உள்ளே போட்டாள். பசி பொறுக்காமல் செவலை மெல்ல உள்ளே போனான். முள்ளாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னாலேயே ஓடி, தன் வழக்கப்படி வாசலை முள்ளால் அடைத்தாள்.

அவ்வளவுதான். செவலை ஊளையிட்டான். சுவரில் போய் மோதினான். மண்ணைப் பிறாண்டினான். அவள் மேலேயே ஏறிக் குதித்து, தோளில் தைத்த முள்ளோடு வெளியே பாய்ந்தான்.

முள்ளாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னைக் காப்பாத்தத்தானேடா அடைச்சேன்!" என்றாள்.

தூரத்தில் நின்றபடி செவலை முதல்முறையாகப் பேசினான். "அவங்களும் அடைச்சாங்க, அத்தே."

வேட்டைக்காரர்கள் அவனை முள்ளம்பன்றி வளைகளுக்குள் தள்ளிவிட்டு, வாசலைக் கல்லால் மூடிவிடுவார்களாம். உள்ளே சண்டை ஓயும் வரைக்கும் கல்லை எடுக்க மாட்டார்களாம். மூக்கில் உள்ள தழும்பெல்லாம் அப்போது வந்தது. சொல்லிவிட்டு அவன் பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். முள்ளாயிக்குத் தன் முள்ளின் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அன்றே அவள் வளையின் பின்பக்கம் தோண்ட ஆரம்பித்தாள். பக்கத்துப் புற்றில் குடியிருந்த சுருளி என்ற கீரி வேடிக்கை பார்க்க வந்தான். ஊர் வம்பென்றால் அவனுக்கு இரையே வேண்டாம்.

"ஓடிப்போக நீயே வழி வெட்டிக் கொடுக்கிறியா, முள்ளாயக்கா?"

போனால் போகட்டும் என்றாள் முள்ளாயி.

"சரி, அவன் போயிட்டான்னு வை. முன்வாசலை நீ அடைச்சா, பின்வாசலை யார் அடைப்பா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் தோண்டி முடித்தாள். நாய் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வாசல், உண்ணிச்செடிப் புதருக்குள் போய்த் திறந்தது.

செவலை சந்தேகத்தோடு வந்து முகர்ந்தான். முன்வாசலில் புகுந்து பின்வாசலில் வெளியே வந்தான். பின்வாசலில் புகுந்து முன்வாசலில் வந்தான். பொழுது சாயும் வரை இதே வேலை. முள்ளாயி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, முள் அசையாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் படுக்கப் பாறைக்குத்தான் போனான்.

மறுநாள் விடியற்காலை தூறல் போட்டது. முள்ளாயி இரை தேடித் திரும்பி வந்த நேரம், பாறையின் மேலே மஞ்சளாக ஒன்று நகர்ந்தது. சிறுத்தை!

செவலை ஒரே பாய்ச்சலில் வளைக்குள் ஓடினான். முள்ளாயி பின்னாலேயே புகுந்து வாசலை அடைத்தாள். சிறுத்தை ஓங்கி ஒரு அறை விட்டது. பாதத்தில் முள் ஏறி உறுமியது. ஆனால் வாசலை விட்டுப் போகவில்லை.

செவலைக்குப் பின்னால் பின்வாசல் வெளிச்சம் தெரிந்தது.

"அது இந்தப் பக்கம் நிக்குது. நீ அந்தப் பக்கமா போயிடு, சாமி" என்றாள்.

செவலை போனான். புதருக்குள் தலையை நீட்டினான். போய்விட்டான் என்று முள்ளாயி கண்ணை மூடிக்கொண்டாள். அதே நேரம் அவள் முதுகுப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த சிறுத்தையின் மூச்சுச் சத்தம் நின்றது. சிறுத்தை வளையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவது மண்ணின் அதிர்வில் தெரிந்தது. இவள் அசைந்தால் முன்வாசல் திறந்துபோகும், அது மறுபடி இந்தப் பக்கம் வந்துவிடும்.

அப்போது ஒரு குரைப்பு கேட்டது. செவலை குரைத்து அவள் கேட்டதே இல்லை. பின்வாசலில் உடம்பை உள்ளே வைத்து, பல்லை வெளியே காட்டி, விடாமல் குரைத்தான். சத்தம் கேட்டு மரத்து மந்திகள் கத்தின. மயில்கள் அகவின. காடே விழித்துக்கொண்ட பிறகு சிறுத்தைக்கு அங்கே என்ன வேலை? நொண்டிக்கொண்டே கரடேறிப் போய்விட்டது.

செவலை திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "உங்க பக்கத்தை நீங்க பாருங்க, அத்தே. இந்தப் பக்கம் நான் இருக்கேன்."

அன்று பகல் அவன் வளைக்குள்ளேயே, பின்வாசல் ஓரமாகக் காலை நீட்டிப் படுத்தான். தூக்கத்தில் முள்ளாயியின் முள் சலசலத்தது. அவன் ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டுத் தூங்கினான்.

பயந்து வந்தவருக்குத் திரும்பிப் போகவும் ஒரு வழியைத் திறந்து வைத்தால்தான் அவர் மனசார நம்மோடு தங்குவார்.